ஆட்டுச் சிறுநீரகம் மலையிறங்கிய நாள்

கொடைக்கானலில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைக் கண்டாலும் மூடுவோம். உப்பு ஜாடிக்கு மூடி, மூடிக்கு மேல் பிளாஸ்டிக் கவர், கவருக்கு மேல் ரப்பர் பேண்டு. தீப்பெட்டி டப்பாவுக்குள் இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மூன்று கவருக்குள் இருக்கும். ஜன்னலைத் திறந்தால் மேகம் கேட்காமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊர் அது. திறந்து கிடக்கிற எதுவும் நமத்துப் போகும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும். கல்யாணமாகி மதுரைக்கு வந்து இத்தனை வருடமான பிறகும் உப்பு ஜாடிக்கு ரப்பர் பேண்டு போடுவதை நான் விடவில்லை. "இந்த வெயில்ல எதுக்குப் பயந்து இதைக் கட்டி வைக்கிற?" என்று வீட்டுக்காரர் கேட்பார். கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் ஒரு நாள் என் அக்காவோடு நான் கட்டியிருந்த பந்தயத்தைக் கவிழ்த்துவிட்டது. விளையாட்டுப் பந்தயம் இல்லை. அவள் உயிர் அதில் இருந்தது.

இரத்த ஓட்டத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு கூடத்தில் நான் கருவிகள் செய்கிறேன். அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு பெட்டி. மீன் வியாபாரிகள் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு போகும் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. உடம்பிலிருந்து எடுத்த சிறுநீரகத்தை அதற்குள் ஒரு கிண்ணத்தில் வைப்போம். ஒரு பம்ப் அதற்குள் இரத்தத்தைச் செலுத்தும். போகிற வழியில் இரத்தம் உடம்புச் சூட்டுக்கு வரும், ஆக்சிஜனை ஏற்றிக்கொள்ளும், சிறுநீரகத்துக்குள் சுற்றி வெளியே வந்து மறுபடியும் பம்புக்கே போகும். உடம்பை விட்டு வந்துவிட்டோம் என்பது அந்தச் சிறுநீரகத்துக்குத் தெரியவே கூடாது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோவதைவிட இப்படிக் கொண்டுபோனால் அதிக நேரம் தாங்குமா, மலைப்பாதைக் குலுக்கலைத் தாங்குமா என்பதுதான் எங்கள் கேள்வி. சோதனையெல்லாம் ஆட்டுச் சிறுநீரகத்தில்தான்.

அந்தப் பெட்டியில் என் பங்கு 'தானாக' என்ற ஒரு வார்த்தைதான். இரத்தம் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்லும். அதைக் கேட்டு நான் எழுதிய நிரல் பம்பை ஓட்டும். அழுத்தம் குறைந்தால் வேகம் கூட்டும், கூடினால் குறைக்கும். திரையில் பெரிய எழுத்தில் எண்பது என்று நிற்க வேண்டும். நின்றால் மனிதர் யாரும் கை வைக்கத் தேவையில்லை. ஆய்வகத்தில் நின்றது. மேசையைப் போட்டு உலுக்கினோம், அப்போதும் நின்றது. எனக்கு அதில் கர்வம் உண்டு. இன்னமும் அது முழுதாகப் போகவில்லை.

என் அக்கா கொடைக்கானலில் ஒரு பள்ளியில் புவியியல் டீச்சர். அவளிடம் படித்தவர்கள் தலை நரைத்த பிறகும் ஏரிக்கரையில் அவளைக் கண்டால் சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார்கள். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸுக்காக வாரத்துக்கு மூன்று தடவை கீழே இறங்கி மதுரைக்கு வருவாள். ஊசி குத்துவதற்கு வசதியாக இடது கையில் தோலுக்கு அடியில் இரண்டு இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அதன் மேல் விரல் வைத்தால், மடியில் படுத்த பூனை குர்ரென்பது மாதிரி ஓர் அதிர்வு தெரியும். அதிர்வு நின்றால் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதனால் தினமும் எழுந்ததும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அக்காவுக்கு எழுந்ததும் என்ன, எந்நேரமும் அதே வேலைதான். பாடம் நடத்தும்போதும், பூண்டு உரிக்க உட்கார்ந்த இடத்திலும், பேச்சுக்கு நடுவிலும் வலது கை விரல்கள் இடது கையில் போய் நிற்கும்.

அவளுக்குச் சிறுநீர் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை என்பதால் ஒரு நாளுக்குச் சின்ன டம்ளர் கணக்கில்தான் தண்ணீர். அவள் முன்னால் நாங்கள் யாரும் தண்ணீர் குடிக்க மாட்டோம். யாரும் சொல்லி வைக்கவில்லை. வீட்டில் அப்படி ஆகிவிட்டது.

நான் என்னுடையதைக் கொடுக்கிறேன் என்றேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, ஆகாது என்றுவிட்டார்கள். அத்தானுக்கு இரத்தக் கொதிப்பு. அவரும் ஆகாது. அக்காவின் இதயம் தளர்ந்துகொண்டு வருகிறது, இப்படியே வெகுகாலம் ஓட்ட முடியாது என்று டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மிச்சமிருந்தது ஒரே வழி. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்காகப் பெயர் பதிந்து காத்திருப்பது. அக்கா மாட்டேன் என்றாள்.

"பேர் கொடுத்துட்டு நான் என்ன செய்யணும்?"

"காத்திருக்கணும்க்கா. போன் வரும்."

"எப்ப வரும்? என்ன நடந்தா வரும்? அதைச் சொல்லு."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அவளே சொன்னாள்.

"சனி ஞாயிறானா மலைக்கு எத்தனை பைக்கு வருதுன்னு பார்க்குறேல்ல? பாதிப் பயலுக தலையில ஒண்ணும் கெடையாது. எங்கிட்டப் படிச்சவனுகளும் அப்படித்தான் போறானுக. பேர் கொடுத்துட்டேன்னு வையி, அதுக்கப்புறம் அவனுகள நான் என்ன கண்ணால பார்ப்பேன்? இவனா, அவனான்னு பார்க்க மாட்டேனா? எனக்கு அந்தப் புத்தி வேணாம்டி. இருக்கிற வரைக்கும் டீச்சரா இருந்துட்டுப் போறேன்."

எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கோபம் வந்தால் வாய்க்கு வந்தபடி பேசுவேன். அன்றைக்கு அவள் சமையலறையில் நின்று பேசினேன். செத்தவர்களோடு மண்ணுக்குப் போகிற சிறுநீரகம் யாருக்கு உதவும் என்றேன். நாங்கள் இராப்பகலாகப் பெட்டி செய்வது ஆட்டுக்காகவா என்றேன். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பெட்டிக்கு அவள் வைத்திருந்த பெயர் 'ஆட்டு ஆம்புலன்ஸ்'.

"சரி, உன் ஆட்டு ஆம்புலன்ஸ் இங்கருந்து வத்தலக்குண்டு போய்ச் சேரட்டும். உள்ள இருக்கிற கிட்னி உசுரோட இருந்துச்சுன்னா நான் பேர் கொடுக்குறேன்."

"நெசமாவா?"

"ஆனா நீ நடுவுல கை வைக்கக் கூடாது. தானா ஓடும், தானா ஓடும்னு பீத்திக்கிறேல்ல? தானா ஓடட்டும். சரி, உசுரோட இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"வேலை செய்யுற கிட்னின்னா சிறுநீர் விடும்க்கா. அதுக்கு ஒரு தனி டியூப் இருக்கு. அதுல சொட்டும்."

அக்கா துடைக்கிற துணியைப் பிழிந்து காயப்போட்டாள். அப்புறம் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எங்கள் குழுவுக்கு எப்படியும் மலைப்பாதைச் சோதனை ஒன்று செய்ய வேண்டியிருந்தது. அவளுடைய டயாலிசிஸ் நாளாகப் பார்த்து நான் அதை வைத்தேன். பஸ்ஸில் போவதற்குப் பதில் உன் ஆட்டோடு வருகிறேன் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

முந்தின நாள் சாயங்காலம் ஆய்வகத்து வேனில் பெட்டியைக் கொண்டுபோய் அக்கா வீட்டுக் கூடத்தில் இறக்கினோம். டிரைவர் சாப்பிட்டுவிட்டு வேனிலேயே படுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். வெறும் உப்புநீரை ஊற்றி எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். எண்பது. அசையவில்லை. அக்கா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். புதுப்பெண்ணைப் பார்க்க வந்தவள் மாதிரி குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தாள். அவள் அந்தப் பெட்டியை இவ்வளவு அக்கறையாகப் பார்ப்பாள் என்று நான் நினைக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் இறங்கி எதிர்வீட்டு விளக்கை விழுங்கியது. அத்தான் ஜன்னல்களைச் சாத்தினார். களைப்பில் நான் வெள்ளனே படுத்துவிட்டேன்.

காலையில் நானும் அக்காவும் கறிக்கடைக்குப் போனோம். கடை பாய் எங்கள் குடும்பத்துக்கு ரொம்ப நாளாகப் பழக்கம். மன்னவனூர்க் கிடா ஒன்றை எங்களுக்காக நிறுத்திவைத்திருந்தார். எப்படி அறுக்க வேண்டும், இரத்தத்தை மருந்து போட்ட பாட்டிலில் எப்படிப் பிடிக்க வேண்டும், குழாயை எவ்வளவு நீளம் விட்டுச் சிறுநீரகத்தை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே பேசிவைத்திருந்தேன். கச்சிதமாகச் செய்து கொடுத்தார். பணம் கொடுக்கப் போனபோது கிட்னிக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

"ரத்தத்துக்கும் சேர்த்து எடுத்துக்கங்க பாய்."

"அதுக்கு வேணாங்க. ரத்தத்துக்குக் காசு வாங்குறது எங்க மார்க்கத்துல ஆகாதுங்க. சும்மா கொண்டுபோங்க." பிறகு அக்காவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "ஏங்க, இதை டீச்சருக்கா வைக்கப் போறீங்க?"

"ஆமா பாய்" என்றாள் அக்கா. "நாளையிலருந்து பள்ளிக்கூடத்துக் கிரவுண்டுல புல்லு மேய்வேன்."

பாய்க்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நாங்கள் கிளம்பும்போது மிச்ச ஆட்டைக் கொக்கியில் மாட்டிவிட்டார். கறி வாங்க ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

வேனிலேயே சிறுநீரகத்தைப் பெட்டிக்குள் வைத்துக் குழாய்களை இணைத்தேன். இரத்தம் போனதும் அது வெளிறின நிறத்திலிருந்து நல்ல சிவப்புக்கு வந்தது. அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். எண்பது வந்தது, நின்றது. தானியங்கிப் பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன், தொடவில்லை பார் என்று. பிறகு வேனுக்குப் பின்பக்கம் போய், அக்காவுக்குத் தெரியாமல் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்த தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தேன். காலி பாட்டிலை இறுக்கி மூடி சீட்டுக்கு அடியில் தள்ளினேன். அவள் கண்ணில் படக் கூடாது என்பதற்காகத்தான்.

வளைவுகளில் பெட்டி நகராமல் இருக்க இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பிடித்துக்கொண்டோம். சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் பெட்டியின் ஓரத்தில் ஓரிடத்தில் வெளியே வளைந்து உள்ளே போகும். அக்காவின் விரல்கள் தானாகவே அதன் மேல் போய் உட்கார்ந்துவிட்டன. பம்ப் உருளை சுற்றும்போது குழாயில் நாடி மாதிரி ஒரு துடிப்பு இருக்கும்.

"என் கைய விட ஜோரா அடிக்குதுடி" என்றாள்.

பெருமாள்மலை தாண்டினோம். சிறுநீர்க் குழாயில் இன்னும் எதுவும் வரவில்லை. அது வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஐந்து வளைவுக்கு ஒரு தடவை அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மற்ற நேரமெல்லாம் திரையையே பார்த்தேன். எண்பது. டிரைவர் லாரிக்கு ஒதுங்கிப் பிரேக் போட்டார், எண்பது. குரங்குக் கூட்டத்துக்காக நிறுத்தி எடுத்தார், எண்பது. இந்த அழகை எங்கள் ஆய்வகத்து பாஸ் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது.

ஊத்து தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அக்கா சொன்னாள்: "இதுல துடிப்பு கம்மியாகுதே."

"எண்பது இருக்குக்கா."

"என்ன இருந்தா என்ன? கம்மியாகுது."

"வண்டி ஆடுறதுல உனக்கு அப்படித் தெரியுது."

"ஏண்டி, நான் வாரத்துல மூணு நாளு ஆடுற பஸ்ஸுல உட்கார்ந்து என் கையத் தொட்டுப் பார்க்குறவ. எனக்குத் தெரியாதா? இதுல உசுரு கம்மியாகுது."

எனக்குச் சுருக்கென்றது. பந்தயத்தில் தோற்கப் போகிறவள் சாக்குத் தேடுகிறாள் என்றுகூட நினைத்தேன். "மிஷின் சொல்றத நம்பவா, உன் விரல நம்பவா?" என்று கேட்டேன்.  அவள் விரலை எடுக்கவில்லை. இரண்டு வளைவு போனது.

அப்போது சீட்டுக்கு அடியில் 'டப்'பென்று ஒரு சத்தம். டிரைவர் திரும்பிப் பார்த்தார். அக்கா குனிந்து கையை விட்டுத் துழாவி என் பாட்டிலை எடுத்தாள். யாரோ கழுத்தைப் பிடித்து நெரித்த மாதிரி அது நசுங்கி ஒட்டிப் போயிருந்தது.

"தண்ணி குடிச்சா எம் முன்னாடியே குடிடி" என்றாள். "ஒளிஞ்சு குடிக்கிறத நெனைச்சாத்தான் எனக்குத் தாகமா இருக்கு."

 நான் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே வாங்கின சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் வருவதற்குள் உப்பிப் போவதை மலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். மேலே காற்று லேசு, கீழே கனம். மேலே மூடின பாட்டிலைக் கீழே கொண்டுவந்தால் கனத்த காற்று அதை வெளியிலிருந்து அமுக்கும். மேலே மூடின பாட்டில். மூடின என்ற வார்த்தை மண்டைக்குள் சுற்றியது. திரையின் மூலையில் சின்ன எழுத்தில் பம்பின் வேகம் ஓடும். அதைப் பார்த்தேன். கிட்டத்தட்ட நின்றுவிட்டிருந்தது.

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க!" என்று கத்தினேன்.

பெட்டியைத் திறந்து சிறுநீரகத்தைத் தொட்டேன். விறைப்பாக இருக்க வேண்டியது கொளகொளவென்று இருந்தது. நிறம் மறுபடியும் வெளிறியிருந்தது. திரையில் அப்போதும் எண்பது. அந்த எண்ணை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

சென்சார் இரத்தத்தின் அழுத்தத்தை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் அளக்கும். அதற்காக அதன் முதுகில் கடுகளவு துளை ஒன்று உண்டு. அந்தத் துளையைத் தடவினேன். வழவழவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினால் கண்ணாடி டேப் ஒரு துண்டு உரிந்து வந்தது. நான்கு மூலையும் ஒழுங்காக வெட்டி, குமிழி இல்லாமல் அழுத்தி ஒட்டின டேப்.

"அது நான் ஒட்டுனதுடி" என்றாள் அக்கா.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நேத்து ராத்திரி நீ படுத்தப்புறம் பார்த்தேன். இவ்வளவு விலை மிஷின்ல ஒரு ஓட்டை தொறந்து கெடக்குதேன்னு இருந்துச்சு. மேகம் வேற வீட்டுக்குள்ள வந்துருச்சு. ஈரம் போயி உள்ள எதுவும் கெட்டுப் போச்சுன்னா..." அவள் முடிக்கவில்லை. பிறகு சொன்னாள்: "நல்லா ஓடணும்னுதான்டி ஒட்டுனேன்."

துளை மூடியதால் உள்ளே கொடைக்கானல் காற்று அடைபட்டுவிட்டது. வண்டி இறங்க இறங்க வெளிக்காற்று கனத்தது. அந்தக் கனத்தையும் இரத்தத்தின் அழுத்தம் என்றே எண்ணி, கூடிவிட்டது, கூடிவிட்டது என்று என் நிரல் பம்பை அடக்கிக்கொண்டே வந்திருக்கிறது. சொன்ன வேலையைச் சொன்னபடி செய்திருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இதை அக்காவிடம் இரண்டு வரியில் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"காத்தழுத்தம். ஒம்பதாம் கிளாஸ் பாடம். வருஷா வருஷம் நாந்தான் நடத்துறேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற இடமே இல்லை அது. ஆனால் அடக்க முடியவில்லை. டிரைவர் கீழே இறங்கி நின்று எங்களைப் பயத்தோடு பார்த்தார்.

உடனே தானியங்கியை விட முடியாது. ஒரேயடியாக இரத்தம் பாய்ந்தால் துவண்டு கிடக்கும் குழாய்கள் கிழிந்துவிடும். பொத்தானை அணைத்துவிட்டுப் பம்பைக் கையால் கூட்டினேன். பந்தயம் அந்த நொடியே தோற்றுப் போனது. நான் கை வைத்துவிட்டேன். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அக்கா கேட்காமலே குழாயில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். திரையை நம்ப எனக்கு மனம் வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு குமிழைத் திருப்பினேன்.

"இன்னும்," என்றாள். "இன்னும் கொஞ்சம். பைய. ம்... இப்ப வருது. இன்னும் துளி. போதும், போதும்."

மெல்ல மெல்ல நிறம் திரும்பியது. ஓரத்தில் ஒரு திட்டு மட்டும் சாம்பலாகவே நின்றது. அந்தப் பகுதி பிழைக்கவில்லை. திரை எண்பதைத் தொட்டபோது நான் தானியங்கிக்கு மாற்றினேன். அக்கா விரலை எடுக்கவில்லை. மிச்ச மலை முழுவதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

டம்டம் பாறை வந்தது. காமக்காபட்டி வந்தது. வேனுக்குள் கீழ்நாட்டு வெயில் சூடு ஏறியது. சிறுநீர்க் குழாய் காய்ந்தே கிடந்தது. நான் மனதுக்குள் மன்றாடிக்கொண்டு வந்தேன். பந்தயம் போனது போகட்டும், ஒரு சொட்டாவது விடு என்று ஓர் ஆட்டின் சிறுநீரகத்தைக் கெஞ்சினேன். அந்தக் காய்ந்த குழாயைப் பார்க்கிற அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். நான் பாஸுக்குப் போன் போட்டுச் சோதனை தோற்றதைச் சொன்னேன். டேப் சங்கதியையும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "துளைக்கு ஒரு மூடி செஞ்சு, மூடியிருந்தா மிஷின் ஸ்டார்ட்டே ஆகாதபடி வச்சிருவோம்" என்றார். பம்ப் வேகத்துக்கு ஓர் அலாரமும் வைக்க வேண்டும் என்று நான் சேர்த்துக்கொண்டேன். பேசி முடிப்பதற்குள் அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள்.

குழாயின் நுனியில் ஒரு சொட்டு. தெளிவாக, லேசான மஞ்சளில். அது கனத்து, ஆடி, புட்டிக்குள் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அடுத்தது. அப்புறம் இன்னொன்று.

ஒரு வருடத்துக்கு மேலாகத் தன் உடம்பிலிருந்து ஒரு சொட்டைப் பார்க்காதவள் அதைப் பார்த்தாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, துடைக்கவில்லை. எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் முதல் தடவையாக அழுகையே வந்தது.

"பந்தயத்துல நீ தோத்துட்ட" என்றாள் அக்கா.

"தோத்துட்டேன்க்கா."

"தோத்தது தோத்ததுதான். ஆனா இது வேற கணக்கு." மறுபடியும் சொட்டுகளைப் பார்த்தாள். "அந்த ஆட்டுக் கறி இந்நேரம் யாரு வீட்டுலயோ கொதிச்சுக்கிட்டு இருக்கும். நாம கேட்டாலும் கேக்காட்டியும் பாய் இன்னைக்கு அதை அறுத்திருப்பாரு. இது கவர்ல கட்டிக் கொழம்புக்குப் போயிருக்கும். இங்க உட்கார்ந்துக்கிட்டு அது பாட்டுக்கு அதோட சோலியப் பார்க்குது."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று தெரிந்தது.

"இன்னைக்கு ஆஸ்பத்திரில அந்தப் பேர் எழுதிக்கிற ஆளு இருப்பாரா?"

"இருப்பாருக்கா."

"வெரசாப் போவோம் அப்ப. டயாலிசிஸ் முடிஞ்சா எனக்குப் படுத்துக்கத்தான் தோணும்."

டிரைவர் டீயை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அப்போது மலைப்பாதைப் பக்கம் திரும்புகிற ஒரு பைக் எங்கள் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிறவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஹெல்மெட் பக்கக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவன் போனில் வழி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா அவனைப் பார்த்தாள். தலையை, கழுத்தை, மறுபடியும் தலையைப் பார்த்தாள். அவள் சமையலறையில் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. பேர் கொடுக்கிறேன் என்று சொல்லி இன்னும் ஐந்து நிமிடம் ஆகவில்லை. அவள் மனம் மாறிவிடுவாள் என்று பயந்தேன். அவள் குழாயிலிருந்து விரலை எடுத்தாள். வேன் கண்ணாடியைக் கீழே இறக்கினாள்.

"ஏலே! ஹெல்மெட்டு கண்ணாடிக்கா தலைக்கா? எடுத்து மாட்டுலே!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அந்தப் பையன் யாரென்றே தெரியாத பொம்பளையைப் பார்த்து, "இதோ டீச்சர்" என்றான். எப்படித் தெரிந்ததோ. அவசரமாக எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"பெல்ட்ட யாரு போடுவா?"

அவன் தாடைக்குக் கீழே தடவித் தடவிப் பெல்ட்டையும் போட்டான். டிரைவர் வண்டியை எடுக்கப் போனார். அக்கா அவர் தோளைத் தொட்டு நிறுத்தினாள். அந்த பைக் சாலையில் ஏறி மலைப்பக்கம் திரும்பி மறைகிற வரைக்கும் அவள் கண்ணாடியை ஏற்றவில்லை.